நர்ஸம்மா மகனின் அசல் சர்டிபிகேட்டுகள்

செகந்திராபாத்தில் ஜெயசுந்தரி போகிற தமிழ்ச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வருஷா வருஷம், பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகள் காலேஜில் சேருகிற பருவத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவர்களைக் குடும்பத்தோடு முன்னால் கூப்பிட்டு நிற்க வைத்து ஜெபம் பண்ணுவார்கள். நல்ல காரியம்தான், யார் வேண்டாம் என்றது? ஆனால் ஜெபத்துக்கு முன்னால் சபைச் செயலாளர் ஞானசிகாமணி மைக்கைப் பிடித்துக்கொண்டு, இன்னார் மகன், இன்னார் மகள், இன்ன படிப்பு என்று ஒவ்வொன்றாக வாசிப்பார். அங்கேதான் வம்பு. ஆண்டவருக்கு இதெல்லாம் முன்பே தெரியும். வாசிப்பது பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்களுக்காக. கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் 'ம்ம்ம்' என்று ஒரு திருப்தி கிளம்பும். சிவில் என்றால் கொஞ்சம் அமைதி. பி.ஏ. என்றால், பாவம், வீட்டில் என்ன கஷ்டமோ என்று பார்ப்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெயசுந்தரி, கணவர் டேவிட்சனுக்கும் மகன் கலேபுக்கும் நடுவே பட்டுப்புடவையில் நின்றாள். ஞானசிகாமணி கண்ணாடியைச் சரி செய்துகொண்டு வாசித்தார்: டேவிட்சன், ஜெயசுந்தரி தம்பதியின் மகன் கலேப், பி.டெக். கம்ப்யூட்டர் சயின்ஸ்.

பின்னால் திருப்தி கிளம்பியது. ஜெயசுந்தரி முதலில், மனுஷன் அடுத்த பையனுடைய வரியைத் தவறி வாசித்துவிட்டார் என்றுதான் நினைத்தாள். திருத்தச் சொல்லலாம் என்று டேவிட்சன் பக்கம் திரும்பினால், அவர் தலையைக் குனிந்து கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். போதகர் இன்னும் ஜெபத்தை ஆரம்பிக்கவே இல்லை. இவருக்கு மட்டும் அதற்குள் என்ன பக்தி? அதிலேயே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

விஷயம் இதுதான். கலேபுக்கு மூன்று நாளைக்கு முன்னால் அரசுக் கவுன்சலிங்கில் நர்ஸிங் சீட்டு வந்திருந்தது. ஆண் பிள்ளைகளுக்கு அதில் இடம் குறைவு. அதிலும் ஒரு நல்ல ஆஸ்பத்திரியோடு சேர்ந்த காலேஜ். வருகிற செவ்வாய்க்கிழமைக்குள் அசல் சர்டிபிகேட்டுகளோடு நேரில் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் சீட்டு அடுத்தவனுக்குப் போய்விடும். நர்ஸிங் கவுன்சலிங் எப்போதுமே எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வரும். அதற்குள் இஞ்சினியரிங் காலேஜ்காரர்கள் வலையை விரித்து, பாதிப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். வீட்டில் பேசினார்கள். டேவிட்சன், "சரி, பாப்போம்" என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது ஜெயசுந்தரியின் ஏமாளித்தனம். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அந்த மனுஷனுடைய 'பாப்போம்' என்னவென்று தெரிய வேண்டாமா?

ஜெயசுந்தரி செகந்திராபாத்தின் பட்டாளப் பகுதியான திருமுல்கேரியில் பிறந்தவள். தாத்தா தமிழ்நாட்டில் நாசரேத் பக்கத்திலிருந்து பட்டாளத்தோடு வந்தவர். அப்பா ராணுவக் கிடங்கு ஒன்றில் குமாஸ்தா. வீட்டில் நாசரேத் தமிழ், வெளியே தெலுங்கு, சண்டை போட ஹைதராபாத் ஹிந்தி என்று வளர்ந்தவள். நர்ஸிங் படிக்கப் போகிறேன் என்று அவள் சொன்ன அன்றைக்கு இதே சபை இதே மாதிரிதான் முகத்தைச் சுளித்தது. நர்ஸுக்கு மாப்பிள்ளை கிடைப்பது கஷ்டம் என்று அம்மாவிடம் வந்து சொன்னவர்கள் உண்டு. சொன்னவர்களில் ஒருவர் இன்றைக்கு இன்சுலின் போட்டுக்கொள்ள அவளைத்தான் கூப்பிடுகிறார், அது வேறு கதை.

இருபத்தாறு வருஷமாக செகந்திராபாத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். மல்காஜ்கிரியில் அவர்கள் இருக்கிற வீடு அவள் பெயரில் எடுத்த லோனில் வாங்கியது. சபையில் யாருக்காவது காய்ச்சலா, டிரிப் ஏற்ற வேண்டுமா, ஆபரேஷன் முடிந்து வந்தவருக்குக் கட்டு மாற்ற வேண்டுமா, உடனே ஜெயாக்காவுக்கு போன். சபையில் பாதிப் பேருடைய இடுப்பில் அவள் ஊசி போட்டிருக்கிறாள். அப்போதெல்லாம் யாரும் முகம் சுளித்ததில்லை, புடவையைத் தளர்த்திக்கொண்டு திரும்பிப் படுத்தார்கள். ஆனால் தங்கள் பிள்ளைக்கு என்ன படிப்பு என்கிற பேச்சு வந்தால் மட்டும் நர்ஸிங் என்கிற வார்த்தை அவர்கள் வாய்க்குள் நுழையாது.

டேவிட்சன் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் ஸ்டோர்ஸ் பிரிவில் சூப்பரின்டென்டன்ட். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, பாடகர் குழுவில் நல்ல குரல். ஒரே ஒரு சங்கதி. மனைவி என்ன வேலை என்று கேட்டால், "மெடிக்கல் லைன்" என்பார். கேட்கிறவன் டாக்டர் என்று நினைத்துக்கொண்டால் திருத்தவும் மாட்டார். அவருடைய ஆபீஸ் வாசல் பக்கம் அவள் யூனிஃபார்மில் போனதே இல்லை, அவருக்கு அது பிடிக்காது என்று அவளுக்குத் தெரியும். இதையெல்லாம் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வார்டில் தலைக்கு மேல் வேலை இருக்கும்போது இதற்கெல்லாம் யார் மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பது?

கலேப் ஒரு வாயில்லாப் பூச்சி. தமிழில் கேட்டால் ஹிந்தியில் பதில் வரும், அதுவும் ஒரு வார்த்தை. நர்ஸிங் படிக்கப் போகிறேன் என்று அவன் சொன்னபோது ஜெயசுந்தரி சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்தாள். எதற்குடா என்றாள். "ஐஸே ஹி, மம்மி" என்றான். சும்மாதான் என்று அர்த்தம். அதற்கு மேல் அவள் நோண்டவில்லை. நோண்டினால் மனசு மாறிவிடுவானோ என்று பயம். அன்றைக்கு சப்பாத்தி ஒன்று கருகிப் போனதும் அவளுக்குத் தெரியவில்லை, அத்தனை சந்தோஷம்.

அந்த சந்தோஷத்தின் தலையில்தான் ஞானசிகாமணி மைக்கைப் போட்டு உடைத்தார்.

ஆராதனை முடிந்ததும் பின்பக்க ஹாலில் சாப்பாடு, சாப்பாட்டோடு ஒரு வழிகாட்டிக் கூட்டம். காலேஜுக்குப் போகிற பிள்ளைகளும் பெற்றோரும் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று சபையில் பெரிய வேலையில் இருக்கிறவர்கள் வந்து பேசுவார்கள். அன்றைக்கு வந்தவர் ஒரு மென்பொருள் கம்பெனி மேனேஜர். முதல் வருஷத்திலிருந்தே கோடிங், மூன்றாம் வருஷம் இன்டர்ன்ஷிப், நாலாம் வருஷம் அமெரிக்கா என்று ரயில்வே அட்டவணை மாதிரி வாசித்தார். ஹாஸ்டலில் போய் இறங்குகிற பிள்ளைக்கு முதல் வாரம் வயிற்றைக் கலக்குமே, அதற்கு என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை. வகுப்பில் ஒன்றும் புரியவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது என்று சொல்லவில்லை. படிப்பு பிடிக்கவில்லை என்றால் அதை வீட்டில் எப்படிச் சொல்வது என்பதைப் பற்றி மூச்சே விடவில்லை.

ஜெயசுந்தரி தட்டில் இருந்த பிரியாணியைத் தொடவில்லை. டேவிட்சனைச் சுற்றி நாலு பேர் நின்று கையைக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர், மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்த்தீர்களா, சீட்டு உறுதிதானே என்று விசாரித்தார். டேவிட்சன் குரலைத் தாழ்த்தாமல் சொன்னார்.

"வெள்ளிக்கிழமையே ஒரிஜினல் எல்லாம் கொண்டுபோய்க் குடுத்துட்டேன். இல்லன்னா சீட்டு நிக்காதுன்னுட்டான்."

ஜெயசுந்தரி தட்டைக் கீழே வைத்தாள். சபையில் ஒரு பொய்யை வாசித்தால் மறு வாரம் திருத்திக்கொள்ளலாம், ஆண்டவர் பொறுத்துக்கொள்வார். செவ்வாய்க்கிழமை நர்ஸிங் காலேஜ் பொறுத்துக்கொள்ளாது. பத்தாவது மார்க் ஷீட், பன்னிரண்டாவது மார்க் ஷீட், டி.சி., பிறப்புச் சான்று எல்லாம் அந்த இஞ்சினியரிங் காலேஜின் பீரோவில் உட்கார்ந்திருக்கின்றன.

பிள்ளையைப் புதிதாகக் காலேஜுக்கு அனுப்புகிறவர்கள் கோடிங்கையும் அமெரிக்காவையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். அசலைக் காட்டுங்கள், கொடுக்காதீர்கள். சரிபார்த்துவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றுதான் விதி. ஆனால் இந்த ஊரில் பல இடங்களில் வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்கிறார்கள். பூட்டி வைத்தால் பிள்ளை எங்கே ஓடும்? சாவி காலேஜ்காரன் கையில். இது தெரியாத அப்பன் இந்த நகரத்தில் கிடையாது. டேவிட்சனுக்கும் நன்றாகவே தெரியும். தெரிந்துதான் கொடுத்தார். பூட்ட வேண்டியது சீட்டை இல்லை, மகனை.

கூட்டத்தின் கடைசி ஐந்து நிமிஷம் எப்போதும் ஜெயசுந்தரியுடையது. ஹாஸ்டல் பிள்ளைகள் உடம்பைப் பார்த்துக்கொள்வது பற்றி. எல்லோரும் எழுந்து ஐஸ்கிரீம் வாங்கப் போகிற நேரம் பார்த்துத்தான் அவளைக் கூப்பிடுவார்கள். அன்றைக்கும் கூப்பிட்டார்கள். கோபம் வந்தால் அவளுக்குக் குரல் ஏறாது, இறங்கும். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், காய்ச்சல் மூன்றாம் நாளும் விடவில்லை என்றால் மெடிக்கல் கடையில் மாத்திரை வாங்கித் தின்னாதீர்கள், டாக்டரிடம் போங்கள், மாதவிலக்கு வலியை ஏதோ குற்றம் செய்தவர்களைப் போல மறைக்காதீர்கள், தூக்கம் வராமல் போனால் வெட்கப்படாமல் யாரிடமாவது சொல்லுங்கள் என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். பிறகு மைக்கைக் கொடுக்காமல் நின்றாள்.

"ஒரே ஒரு கேள்வி. சேரப்போற படிப்ப நானேதான் தேர்ந்தெடுத்தேன்னு சொல்லுத பிள்ளைங்க கையைத் தூக்குங்க."

ஐஸ்கிரீம் வரிசை திரும்பிப் பார்த்தது. பிள்ளைகள் அப்பா அம்மா முகத்தைப் பார்த்தார்கள். ஓரத்தில் ஒரு பெண் காது வரைக்கும் கையைக் கொண்டுபோய், முடியை ஒதுக்கிவிட்டு இறக்கிக்கொண்டாள். கலேப் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் தூக்கவில்லை. ஞானசிகாமணி ஓடி வந்து, நேரமாகிவிட்டது சிஸ்டர் என்று மைக்கை வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள், அவர் சொன்னார். அவர் சொன்னதையெல்லாம் இங்கே எழுதினால் பக்கம்தான் வீணாகும். ஆம்பளைப் பையன், நாளைக்கு அவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள், ஆபீஸில் அத்தனை பேர் பிள்ளைகளும் சாஃப்ட்வேர், நான் மட்டும் தலையைத் தொங்கப் போட வேண்டுமா. இந்த ரகம். கல்யாணச் சந்தையில் தனக்குச் சொன்ன அதே வசனத்தை இப்போது மகனுக்குச் சொல்கிறார்களே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. நாளைக்கு வந்து அசலை வாங்கித் தாருங்கள், அது போதும் என்றாள். வர மாட்டேன் என்றார். கலேப் அறைக்கதவைச் சாத்திக்கொண்டான். அவனிடமும் அவளுக்குக் கோபம். வாயைத் திறந்து சொன்னால் என்ன, முத்தா உதிர்ந்துவிடும்?

திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டு அவனைக் கூட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனாள். ஊரைத் தாண்டி, பொட்டல் நடுவே கண்ணாடிக் கட்டடம். வாசலிலிருந்து ஆபீஸ் வரைக்கும் வேலை கிடைத்த பிள்ளைகளின் படம் போட்ட பேனர்கள். அட்மிஷன் ஆபீசர் நாற்பது வயது மனிதர், நெற்றியில் பொட்டு, கையில் இரண்டு போன். மரியாதையாகத்தான் பேசினார். மரியாதையாகப் பேசிக்கொண்டே கழுத்தை அறுக்கிற ஆள். அட்மிஷன் போட்டது அப்பா, அப்பா நேரில் வந்து எழுதிக் கொடுத்தால் சேர்மனிடம் வைக்கிறேன், அவர் முடிவு செய்வார், ஒரு வாரம் ஆகலாம் என்று தெலுங்கில் சொன்னார். பையனுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது, அவனே எழுதிக் கொடுப்பான், அசலைப் பிடித்து வைக்க உங்களுக்கு அதிகாரமே கிடையாது, புகார் எழுதினால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான் என்று அவளும் அதே தெலுங்கில், அதே மரியாதையோடு சொன்னாள். எழுதுங்கள் மேடம், எல்லோரும் எழுதுகிறார்கள் என்றார் அவர். பிறகு கலேபைப் பார்த்து, உனக்கு என்னப்பா வேண்டும் என்று கேட்டார். கலேப் வாயைத் திறப்பதற்குள் ஜெயசுந்தரி, அவனுக்கு நர்ஸிங் வேண்டும் என்றாள். ஆபீசர் சிரித்தார். அவளுக்கு அந்தச் சிரிப்பை அங்கேயே பிடுங்கிப் போட வேண்டும் போல இருந்தது.

வெளியே வந்து வராந்தா நாற்காலியில் உட்கார்ந்தாள். வார்டில் நாள் பூராவும் நிற்கிற காலுக்கு நாற்காலி கிடைத்தால் அது லீவு நாள் மாதிரி. எத்தனை நேரம் வேண்டுமானாலும் உட்காருவாள். டேவிட்சனுக்கு போன் போட்டாள். மீட்டிங்கில் இருக்கிறேன் என்றார். மறுபடி போட்டாள். மறுபடி மீட்டிங். மூன்றாவது தடவை அவள் குரல் நன்றாக இறங்கிவிட்டது.

"இப்போ நீங்க கிளம்பி வரலன்னா, நாளைக்குக் காலையில யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு உங்க ஆபீஸ் கேட்டுல வந்து நிப்பேன். டேவிட்சன் சார் சம்சாரம்னு சொல்லி நிப்பேன்."

டேவிட்சன் மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார், கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டையோடு. மனைவியும் மகனும் பட்டினி கிடந்ததற்காக வரவில்லை, செவ்வாய்க்கிழமைக்காக வரவில்லை. அந்த வெள்ளை யூனிஃபார்ம் கேட்டில் வந்து நின்றுவிடுமோ என்று வந்தார். அது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள். பலித்ததற்காக அவளுக்குத் துளி சந்தோஷமும் இல்லை.

உள்ளே டேவிட்சனுக்கு நாற்காலி கிடைத்தது, டீயும் கிடைத்தது. அசலைக் கேட்பார் என்று பார்த்தால், வீட்டில் கொஞ்சம் குழப்பம் சார், லேடீஸ் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்கள், சீட்டை மட்டும் அப்படியே வைத்திருங்கள் என்று வழிந்தார். ஆபீசர் பெருந்தன்மையாகத் தலையாட்டிவிட்டு, விதி எல்லாம் பேசுகிறாரே, மேடம் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டார்.

"ஹவுஸ்வைஃப் சார்" என்றார் டேவிட்சன்.

பக்கத்தில் அவள் நின்றுகொண்டிருக்கும்போதே. 'மெடிக்கல் லைன்' கூட இல்லை. இருபத்தாறு வருஷத்து இரவுப் பணி, கையில் செத்தவர்கள், கையில் பிழைத்தவர்கள், அவர் தலைக்கு மேல் இருக்கிற கூரை, எல்லாவற்றையும் ஒரே வார்த்தையில் துடைத்துப் போட்டார். வீட்டைப் பார்த்துக்கொள்கிற பெண்கள் மட்டமில்லை, அவளுடைய அம்மாவும் அப்படித்தான் இருந்தாள். ஆனால் இவர் மரியாதைக்காக அதைச் சொல்லவில்லை, மறைக்கச் சொன்னார்.

ஜெயசுந்தரி ஆபீசரிடம் தான் யார், எந்த ஆஸ்பத்திரி, எத்தனை வருஷம் என்று நிதானமாகச் சொன்னாள். பிறகு கணவரைப் பார்த்து, வெளியே வாருங்கள் என்றாள். வராந்தாவில், சிரிக்கிற பேனர்களுக்கு அடியில், மூன்று பேரும் நின்றார்கள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். என் வேலையில் அப்படி என்ன கேவலத்தைக் கண்டுவிட்டீர்கள்?

டேவிட்சன் அடையாள அட்டையின் நாடாவைத் திருகிக்கொண்டே நின்றார். ஏதாவது வழக்கமான வசனம் வரும், பதிலுக்குக் கிழித்துத் தோரணம் கட்டிவிடலாம் என்று அவள் காத்திருந்தாள். வந்தது வேறு.

"கொரோனா நேரத்துல நீ ஆஸ்பத்திரியிலயே தங்கிட்டல்லா. எனக்குக் காய்ச்சல்னு சொன்னேன். நானே சமாளிச்சுக்கிட்டேன்னு சொன்னேன்லா. பொய். எந்திரிக்க முடியல ஜெயா. படுக்கையிலயே எல்லாம் போயிட்டு. இவன்தான் அள்ளுனான். கழுவிவிட்டு, துணி மாத்தி, குப்புறப் புரட்டிப் போட்டான். பதினாலு வயசு இவனுக்கு."

ஜெயசுந்தரி கலேபைப் பார்த்தாள். அவன் மறுக்கவில்லை.

அந்த நாட்கள் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தன. வார்டில் மூச்சு வாங்க நேரமில்லாமல் ஓடிக்கொண்டே வீட்டுக்கு போன் பண்ணுவாள். கலேப் எடுப்பான். டாடி எப்படி இருக்கிறார் என்றால், தூங்குகிறார் என்பான். ஆக்ஸிஜன் எவ்வளவு என்றால் எண்ணைச் சொல்வான். மூச்சு சுலபமாக வரக் குப்புறப் படுக்கச் சொல்லு என்பாள், சரி என்பான். சொல்லுகிறான் என்றுதான் அவள் நினைத்தாள். புரட்டுகிறான் என்று நினைக்கவில்லை. ஊரார் வீட்டு அப்பன்மாரை எல்லாம் அவள் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தபோது, அவள் வீட்டு அப்பனைப் பிள்ளை புரட்டியிருக்கிறான். அப்பனும் மகனும் கூட்டுச் சேர்ந்து நாலு வருஷமாக அதை அவளிடமிருந்து மறைத்திருக்கிறார்கள். அவளுக்கு அழுகை முட்டியது. ஆனால் கோபம்தான் பெரிதாக இருந்தது.

டேவிட்சன் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். "அதுக்கப்புறம் இவன் மூஞ்சிய நேரா பாக்கவே எனக்கு ஆகல. ஒக்காந்து சாப்பிடும்போது கூட அதுதான் ஞாபகம் வருது. இவன் வந்து, ஆயுசுக்கும் அதையே செய்யப்போறேங்கான். நான் எப்படி சரின்னு சொல்லுவேன்?"

"இருபத்தாறு வருஷமா நான் அதைத்தான செய்யுதேன்" என்றாள் ஜெயசுந்தரி. "என் மூஞ்சிய எப்படிப் பாத்தீங்க?"

அவர் கையிலிருந்த நாடாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தன் முகத்தை அவர் பார்த்ததே இல்லை என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு அவள் சோற்றைப் போடும்போது அந்த மனுஷன் தட்டைத்தான் பார்ப்பார், போடுகிற கையைப் பார்த்ததில்லை. களைப்பில் அவளும் அதைக் கவனித்ததில்லை. எத்தனை வருஷத்துச் சோறு.

கலேப் தொண்டையைச் செருமினான். தமிழில் பேச அவன் வார்த்தைகளைத் தேடித் தேடி எடுக்க வேண்டியிருந்தது. ஆனாலும் தமிழிலேயே பேசினான்.

"டாடி, அன்னைக்கு வெட்கப்பட்டது நீங்க. நான் இல்ல. உங்களை க்ளீன் பண்ணிட்டு, நீங்க தூங்கினதும், கை கழுவிட்டு நான் மேகி செஞ்சு சாப்ட்டேன். நல்லா பசிச்சுது. அப்பதான் தெரிஞ்சுது, இது என்னால முடியும்னு."

அந்தப் பையன் அத்தனை வார்த்தையை ஒரே மூச்சில் பேசி ஜெயசுந்தரி கேட்டதே இல்லை. 'சும்மாதான்' என்று சொன்னானே, அதற்குள் இத்தனை இருந்திருக்கிறது. டேவிட்சன் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். அவள் பின்னாலேயே போகவில்லை, வாசலில் நின்று பார்த்தாள். அவர் காகிதம் கேட்டு வாங்கி நின்றபடியே எழுதிக் கொடுத்தார். ஆபீசர், சேர்மன், ஒரு வாரம் என்று மறுபடி ஆரம்பித்தார். கட்டிய அட்வான்ஸ் திரும்ப வராது என்றும் மிரட்டினார். வைத்துக்கொள்ளுங்கள், சர்டிபிகேட்டை எடுங்கள் என்றார் டேவிட்சன். ஸ்டோர்ஸில் சாமான் கொடுக்க இழுத்தடிக்கிறவர்களிடம் அவர் பேசுகிற குரல் அது, வீட்டில் அவள் கேட்டதில்லை. அதோடு வாசலில் நிற்கிற நர்ஸம்மா புகார் எழுதக்கூடிய ஆள் என்பதும் ஆபீசருக்குப் புரிந்திருந்தது. இரண்டு போனிலும் யார் யாரிடமோ பேசினார். கடைசியில் பீரோ திறந்தது.

டேவிட்சன் பழுப்பு உறையோடு வராந்தாவுக்கு வந்தார். பிரித்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார், எல்லாம் இருந்தது. பிறகு உறையை ஜெயசுந்தரியிடம் நீட்டினார். பெரிய சாதனை பண்ணிவிட்டு வந்த மாதிரி, அவள் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

அவள் கையை நீட்டவில்லை. இத்தனை வருஷத்தை ஒரு உறையில் போட்டு முடித்துக்கொள்ளவா பார்க்கிறார்? அவளுக்கு இன்னும் ஆறவில்லை, ஆறப் போவதும் இல்லை. வீட்டுக்குப் போன பிறகு பேச வேண்டியது நிறைய இருக்கிறது.

"எங்கிட்ட எதுக்கு நீட்டுதீங்க? அவங்கிட்ட குடுங்க" என்றாள். அவர் தலையைக் குனிந்தபடியே உறையை மகன் பக்கம் திருப்பினார். அவள் விடவில்லை.

"கீழ பாக்காதீங்க. அவன் மூஞ்சியப் பாத்துக் குடுங்க."

டேவிட்சனுக்கு அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.